நாய்ப் படம் போடறதுக்கு முன்னாடி யாரு உக்காந்திருக்காங்கன்னு பாருங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து டவுன்ல நாலு வீட்டு ஆளுங்க ஒரே வீட்டு போர்ச்சுல கூடி படம் பாக்கறது இன்னும் இருக்கு, ஒரு புரொஜெக்டரு, ஒரு வெள்ளை பெட்ஷீட்டு, ஒரு ஜக்கு மைலோ, அவ்ளோதான். நாய்ப் படம்னா எல்லாரும் உடனே ஓகே சொல்லிருவாங்க. ஆனா பேய்ப் படத்தை விட நாய்ப் படத்துக்குதான் ஆள் பாத்து போடணும்லா, பேய்க்குப் பயந்த பிள்ளை மறுநாள் மறந்துரும், திரையில நாய் செத்தா ஒரு வாரத்துக்கு அதே பேச்சுதான்.

அதனால மொத வேலை, அந்த நாய் சாகுமா சாகாதான்னு தெரிஞ்சுக்கணும். இதுக்குன்னே 'டஸ் தி டாக் டை'ன்னு ஒரு வெப்சைட் இருக்கு, படம் பேரைப் போட்டா சொல்லிரும். கதை தெரிஞ்சா ருசி போயிரும்னு சொல்றவங்க இருப்பாங்க, இருக்கட்டும், படம் போடற ஆளுக்கு மட்டும் தெரிஞ்சா போதும். சமீபத்துல நாயைப் பறிகொடுத்த வீட்டு ஆளு வர்றாங்கன்னா தனியா கூப்பிட்டு காதுல சொல்லிருங்க.

சின்னப் பசங்க நிறைய இருந்தா 2022ல வந்த 'ஓ மை டாக்' போதும். கண்ணு தெரியாத ஒரு ஹஸ்கி குட்டியை ஊட்டியில ஒரு பையன் எடுத்து வளர்க்கற கதை. விஜயகுமார், அருண் விஜய், ஆர்ணவ்னு நிஜத் தாத்தா அப்பா பேரனே அதே மாதிரி நடிச்சிருக்காங்க. வில்லன் சமாச்சாரம், போட்டி பில்டப் எல்லாம் பெரியவங்களுக்கு கொட்டாவிதான், பசங்க விசில் அடிப்பாங்க.

கொஞ்சம் பெரிய பசங்கன்னா 'டோகோ' (2019). 1925ல அலாஸ்காவுல நோம்ங்கற ஊருல டிப்தீரியாங்கற தொண்டை நோய் பரவினப்போ மருந்தை நாய் வண்டியில கை மாத்தி கை மாத்தி கொண்டு போனாங்க, கடைசிக் கட்டம் ஓடின பால்டோங்கற நாய்க்கு நியூயார்க்குல சிலை வச்சாச்சு, ஆனா ரொம்ப நீளமான ஆபத்தான கட்டத்தை இழுத்தது டோகோ, அப்ப அதுக்கு 12 வயசு. ஓட்டம் முடிஞ்சிருச்சுன்னு பாதியில ஆஃப் பண்ணிடாதீங்க, அதுக்கப்புறம்தான் மனுசனும் நாயும் வயசாகிறதைக் காட்டுவாங்க, அங்கதான் படமே.

'ஹாச்சி' (2009) போடறீங்கன்னா டிஷ்யூ பாக்ஸ் நடுவுல வைங்க. ரிச்சர்ட் கியர் நடிச்சு அமெரிக்காவுல நடக்கற மாதிரி எடுத்திருக்காங்க, நிஜ ஹாச்சிக்கோ தோக்கியோ ஷிபுயா ஸ்டேஷன் நாய், எஜமான் உயேனோ 1925ல வேலை இடத்துலயே செத்துப் போக, 1935 மார்ச்சுல தான் சாகற வரைக்கும் அந்த ஸ்டேஷனுக்கு வந்துக்கிட்டே இருந்துச்சு. அது உயிரோட இருக்கும்போதே 1934ல சிலை வச்சுட்டாங்க. ஒன்றரை மணி நேரப் படம்தான், ஆனா அன்னிக்கு ராத்திரி வேற படம் சேர்த்து போடாதீங்க.

'777 சார்லி' (2022) கன்னடம், தமிழ் டப்பிங் இருக்கு, ரெண்டே முக்கால் மணி நேரம் ஓடும், அதனால எட்டு மணிக்குள்ள ஆரம்பிச்சிருங்க. ஃபேக்டரிக்குப் போய்ட்டு வந்து யாரோடயும் பேசாம இட்லி, சிகரெட்டு, பீருன்னு காலனியில தனியா கிடக்கற ஒருத்தன், கூப்பிடாமலே வந்து ஒட்டிக்கற ஒரு லாப்ரடார். லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீடுங்கள்ல, வளர்ந்த ஆளுங்களுக்கு இவனை விளக்கவே வேணாம், எல்லா லயத்துலயும் இப்படி ஒரு சித்தப்பா இருந்தாரு.

பெரியவங்க மட்டும் இருக்கற அன்னிக்கு நான் சொல்றது 1952ல டி சிக்கா எடுத்த 'உம்பெர்த்தோ டி'. இத்தாலி, கருப்பு வெள்ளை. பென்ஷன் பத்தாத ஒரு கிழவரை வீட்டுக்காரம்மா ரூமை விட்டுக் கிளப்பப் பாக்கறா, அவருக்குன்னு இருக்கறது ஃபிளைக்குன்னு ஒரு குட்டி நாய் மட்டும்தான். அந்தக் கிழவரா வர்றவரு நடிகரே இல்ல, ஒரு பேராசிரியர். தோட்டத்தை வித்தப்ப லயத்தைக் காலி பண்ணிட்டு ஃப்ளாட்டுக்கு வந்தவங்க, நாயை அங்கயே விட்டுட்டு லாரி ஏறினவங்க இதைப் பாத்தா பாதியிலயே பேச ஆரம்பிச்சிருவாங்க, பேசட்டும், பாஸ் பண்ணுங்க. சப்டைட்டில் படிக்க முடியாத தாத்தா பாட்டிக்கு பக்கத்துல ஒருத்தர் உக்காந்து மெதுவா தமிழ்ல சொல்லிக்கிட்டே வரணும், வசனம் கம்மிங்கறதால கஷ்டமில்ல. நாய் உயிரோடதான் இருக்கும், அதை மட்டும் முன்னாடியே சொல்லிருங்க.

வீட்டு நாயை என்ன பண்றது? மலாய்க்கார கூட்டாளிங்க வர்றாங்கன்னா, அவங்க முஸ்லிம், நாய் மேல படறதைத் தவிர்ப்பாங்க, அதனால கேக்கறதுக்கு முன்னாடியே பின்னாடி கட்டிருங்க. இல்லன்னா கூடவே படுத்திருக்கட்டும், நாய்க்கு சிவப்பும் பச்சையும் சரியா பிரிச்சுத் தெரியாது, நீலமும் மஞ்சளும் நல்லாத் தெரியும், அலாஸ்கா பனியை விட திரையில கேக்கற குரைப்புக்குத்தான் எழுந்திரிக்கும், சவுண்டைக் குறைச்சு வைங்க.

படம் முடிஞ்சதும் பசங்க ஹஸ்கி வேணும்னு நிப்பாங்க. நம்ம வெயில்ல அதுக்கு ஏர்கோன் போட்டே வளர்க்கணும், கரண்ட் பில்லைக் காட்டுங்க. கேட்டு கிட்ட சுத்தற குட்டி ஒண்ணைத் தூக்கிட்டு வந்தா முதல்ல நாய் டாக்டர் கிட்ட தடுப்பூசி, வளர்ந்ததும் கருத்தடை, அப்புறம் முனிசிபல்ல நாய் லைசன்ஸ், பேரு மட்டும் பசங்க வச்சுக்கட்டும்.