கடற்கரையில் கேக் வெட்டப் போகிறீர்களா?

போன சனிக்கிழமை சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் தோழியின் பிறந்தநாள். கேக், பலூன், மசாலா தடவிய கோழி எல்லாம் தயார். காற்று விட்டால்தானே! ஏழு தீக்குச்சி தீர்ந்தும் மெழுகுவத்தி எரியவில்லை. கடைசியில் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலின் அடியையும் கழுத்தையும் வெட்டி, நடுவில் ஒரே மெழுகுவத்தி வைத்து அதைச் சுற்றிக் கூண்டுபோல நிறுத்தினோம். சுடர் நின்றது. மேலே குனிந்து ஊதினால் போதும். (பாட்டை மட்டும் இழுக்காதீர்கள், பிளாஸ்டிக் நெளிய ஆரம்பித்துவிடும்.)

பட்டர்கிரீம் கேக் வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் அரை மணி நேரத்தில் வழிந்துவிடும். எதுவானாலும் வெட்டும்வரை ஐஸ் பெட்டியிலேயே இருக்கட்டும்.

பார்பிகியூ குழியைத் தேசியப் பூங்காக் கழகத்திடம் முன்பதிவு செய்ய வேண்டும். கரி, கம்பி வலை, இடுக்கி நாம்தான் கொண்டுபோக வேண்டும். கூடாரம் போட்டுத் தங்குவதற்குத் தனி அனுமதி. மது கொண்டு வருபவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: பொது இடத்தில் இரவு 10.30க்கு மேல் குடிக்கக் கூடாது. கரி பற்றவே இல்லையா? பூங்காவிலேயே இருக்கும் லகூன் உணவு நிலையத்தில் சாத்தே (குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சி) கிடைக்கும். நாங்களும் அங்கேதான் சாப்பிட்டோம்.