தெரபியில் முன்னேறுகிறோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சில மாதங்கள் தெரபிக்குப் போன பிறகும் "எனக்கு எதுவுமே மாறவில்லையே" என்று தோன்றுவது சகஜம். பல நேரங்களில் அது உண்மையாக இருக்காது. மனம் சோர்ந்திருக்கும் நாளில் சோர்வான நினைவுகளே முந்திக்கொண்டு வரும். நடுவில் நன்றாகப் போன மூன்று வாரங்கள் கண்ணில் படாது. நன்றாக இருக்கும் நாளிலோ, ஆரம்பத்தில் எவ்வளவு மோசமாக இருந்தோம் என்பதே மறந்துபோகும். அதனால் ஞாபகத்தை நம்பாதீர்கள். எழுதி வைத்ததைப் பாருங்கள்.

முதலில் எழுத வேண்டியது, இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்பதை. முதல் இரண்டு செஷனுக்குள் எழுதுவது நல்லது. தாண்டிவிட்டால் இன்றே எழுதலாம். "எப்போதும் கவலையாக இருக்கிறது" என்று எழுதினால் பின்னால் ஒப்பிட முடியாது. எண்ணக்கூடிய விதத்தில் எழுதுங்கள்: படுத்த பிறகு தூக்கம் வர 2 மணி நேரம் ஆகிறது, வாரத்தில் 4 நாள் குளிக்கத் தோன்றவில்லை, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுப்பதே இல்லை. இப்படி மூன்று அல்லது நான்கு போதும். அதற்கு மேல் எழுதினால் இரண்டே வாரத்தில் நோட்டை மூடிவிடுவீர்கள்.

கேள்வித்தாள்கள்

மனச்சோர்வை அளக்க பிஎச்க்யூ-9 (PHQ-9) என்ற கேள்வித்தாள், பதற்றத்தை அளக்க ஜிஏடி-7 (GAD-7). இரண்டும் இலவசம், நிரப்ப ஐந்து நிமிடம்கூட ஆகாது. முதலாவதில் 9 கேள்விகள், இரண்டாவதில் 7. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். பிஎச்க்யூ-9இல் மொத்தம் 27. 5, 10, 15, 20 ஆகியவை லேசானதிலிருந்து கடுமையானது வரையான படிகள். ஜிஏடி-7இல் மொத்தம் 21. படிகள் 5, 10, 15.

கேள்விகள் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவை என்பதால், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நிரப்பினால் போதும். தினமும் நிரப்புவது அன்றைய மனநிலையை அளப்பதாகத்தான் முடியும். செஷன் முடிந்த கையோடும் நிரப்ப வேண்டாம். உள்ளே கிளறிவிடப்பட்டது அடங்க ஒரு நாளாவது ஆகும். ஒரே கிழமை, ஏறக்குறைய ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிஎச்க்யூ-9இல் 2 புள்ளி ஏறுவதும் இறங்குவதும் வெறும் ஆட்டம். 5 புள்ளி குறைந்தால் அது கணக்கில் எடுக்க வேண்டிய மாற்றம். மொத்தம் அப்படியே இருந்தாலும் தனித்தனிக் கேள்விகளைப் பாருங்கள். தூக்கமும் பசியும் சீராகிவிட்டு, குற்ற உணர்வு மட்டும் கூடியிருக்கலாம். அடுத்த செஷனில் எதைப் பேச வேண்டும் என்பது அதிலிருந்தே தெரியும்.

ஒன்பதாவது கேள்வி இறந்துவிடலாம், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணங்களைப் பற்றியது. அதில் 0 தவிர வேறு எது வந்தாலும், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், தெரபிஸ்டிடம் சொல்லியாக வேண்டும். எண்ணம் வலுவாக இருந்தால் அடுத்த செஷன் வரை காத்திருக்காமல் அன்றே அவரையோ அவசர உதவியையோ அழையுங்கள்.

எண்கள் சொல்லாதவை

பேனிக் அட்டாக் (திடீரென்று உச்சத்துக்கு ஏறும் பயம்), கோப வெடிப்பு, அழுகை போன்றவற்றுக்கு மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: வாரத்தில் எத்தனை முறை வந்தது, உச்சத்தில் எவ்வளவு கடுமை, பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம். கடுமைக்கு 0 முதல் 100 வரை ஓர் எண் கொடுங்கள். ஜோசஃப் வோல்ப் என்ற மனநல மருத்துவர் கொண்டுவந்த இந்த அளவுகோலைத் தெரபிஸ்டுகள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். எண்ணிக்கை குறையாமலே மீளும் நேரம் குறையலாம். ஒரு சண்டைக்குப் பிறகு மூன்று நாள் பேசாமல் இருந்தவர் இப்போது அன்று மாலையே பேசுகிறார் என்றால், சண்டைகள் அதே அளவில் தொடர்ந்தாலும் அது பெரிய மாற்றம்.

பலரும் தவறாகப் படிக்கும் இடம் தவிர்த்தல். கூட்டத்தைப் பார்த்தாலே பயப்படும் ஒருவர் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்தால் வாரத்தில் ஒரு பேனிக் அட்டாக்கும் வராது. தெரபியில் மெல்ல மெல்ல வெளியே போகத் தொடங்கியதும் வாரத்துக்கு இரண்டு வரும். எண்ணை மட்டும் பார்த்தால் நிலைமை மோசமாகிவிட்டது. உண்மையில் அவர் ஆறு மாதமாகப் போகாத இடங்களுக்குப் போய்வருகிறார். ஆகவே அட்டாக் கணக்குக்குப் பக்கத்திலேயே "இந்த வாரம் தவிர்க்காமல் செய்தது" என்று ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். பயத்தை நேருக்கு நேர் சந்திக்க வைக்கும் சிகிச்சையிலும், பழைய அதிர்ச்சிகளைப் பேசும் சிகிச்சையிலும் தொடக்கத்தில் பதற்றம் ஏறுவதுண்டு. எவ்வளவு நாள் அப்படி இருக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு மாற்றமும் கண்ணுக்குத் தப்பிவிடும். பழைய பழக்கத்தை முதலில் நடந்து முடிந்த பிறகுதான் கவனிப்போம்: "மறுபடியும் அதையே செய்துவிட்டேன்." பிறகு நடந்துகொண்டிருக்கும்போதே தெரியும், ஆனாலும் நிறுத்த முடியாது. அதன் பிறகுதான் ஆரம்பிக்கும் முன்பே பிடிக்க முடியும். நடுக்கட்டத்தில் இருப்பவர்கள் "தெரிந்தும் செய்கிறேனே" என்று தங்களையே மிகவும் நொந்துகொள்வார்கள். அவர்கள் பாதி தூரம் வந்துவிட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டி வந்தவர் முதல்முறையாக முடியாது என்று சொல்லும்போது, வீட்டில் "தெரபிக்குப் போனதிலிருந்துதான் இப்படி எதிர்த்துப் பேசுகிறாய்" என்று கேட்கலாம். அந்தப் பேச்சை மட்டும் வைத்து முன்னேற்றத்தை அளக்காதீர்கள். தெரபிஸ்டிடம் கொண்டுபோய்ப் பேசுங்கள்.

மருந்து மாறியது, காய்ச்சல், வேலை நெருக்கடி, தூக்கம் கெட்டது ஆகியவற்றைத் தேதியோடு ஓரத்தில் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் எது எதனால் நடந்தது என்று பின்னால் பிரிக்க முடியாது.

தெரபிஸ்டிடம் காட்டுவது

நான்கைந்து செஷனுக்கு ஒரு முறை பத்து நிமிடம் இதற்காகவே கேளுங்கள். "நாம் எதற்காக ஆரம்பித்தோம், இப்போது எங்கே இருக்கிறோம்?" என்ற கேள்வி போதும். அவரைத் திருப்திப்படுத்துவதற்காக மதிப்பெண்ணைக் குறைத்துப் போடுபவர்கள் பலர். அப்படிப் போட்டால், பலன் தராத வழியிலேயே அவரும் தொடர்ந்து போவார்.

1986இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில் சுமார் பாதிப் பேருக்கு 8 செஷனிலும், முக்கால்வாசிப் பேருக்கு 26 செஷனிலும் முன்னேற்றம் தெரிந்தது. எனவே எட்டு செஷனில் ஒன்றும் அசையவில்லை என்றால் தோல்வி என்று அர்த்தமில்லை. ஆனால் பேசாமல் இருக்கக் கூடாது. சிகிச்சை முறையை மாற்றலாம், செஷன்களை நெருக்கலாம், தைராய்டு போன்ற உடல் காரணங்களைப் பரிசோதிக்கலாம், மனநல மருத்துவரைப் பார்க்கலாம், தெரபிஸ்டையே மாற்றலாம். சிறு பங்கினருக்குத் தெரபியின்போது நிலைமை மோசமாவதும் உண்டு. அடுத்தடுத்த இரண்டு அளவீட்டில் பிஎச்க்யூ-9 தொடக்கத்தைவிட 5 புள்ளி கூடுதலாக நின்றால் உடனே சொல்லுங்கள்.

நன்றாகிவிட்டது என்று சட்டென்று நிறுத்துவதும் சிக்கல்தான். மதிப்பெண் 5க்குக் கீழே வந்து சில வாரங்கள் நிலைத்த பிறகு, தெரபிஸ்டோடு பேசி இடைவெளியைக் கூட்டுங்கள். முடித்த பிறகும் சில மாதங்களுக்கு மாதம் ஒரு முறை நிரப்புங்கள். சறுக்கலுக்கு முன் உங்களுக்கு வழக்கமாக வரும் இரண்டு மூன்று அறிகுறிகளை, உதாரணமாக நண்பர்களின் செய்திக்குப் பதில் போடாமல் விடுவது, இரவு 2 மணி வரை விழித்திருப்பது போன்றவற்றை, அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அவை திரும்பினால் எந்த எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.