பொறியியல் கணக்குக்கு எந்த மென்பொருள்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: உங்களுக்கு வேண்டியது விடை மட்டுமா, அல்லது இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடக்கூடிய கணக்குத் தாளா? தாள்தான் வேண்டுமென்றால் மேத்கேட் அல்லது எஸ்மேத் போதும், நோட்டில் எழுதுவது போலவே சூத்திரம் தெரியும், அலகையும் அதுவே பார்த்துக்கொள்ளும். அலகைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், 1999-இல் நாசாவின் செவ்வாய் விண்கலம் ஒன்று தொலைந்ததே பவுண்டு, நியூட்டன் குழப்பத்தால்தான்.

பெரிய அணிகள் (மேட்ரிக்ஸ்), வகைக்கெழுச் சமன்பாடுகள், ஒரே கணக்கை ஆயிரம் தடவை ஓட்டுவது என்றால் மேட்லேப் அல்லது பைத்தான். மேட்லேபுக்குக் காசு இல்லையா, ஆக்டேவ் இலவசம், பெரும்பாலான நிரல்கள் அதில் அப்படியே ஓடும், ஆனால் படக்கட்டங்களை இணைத்து அமைப்புகளை உருவகப்படுத்தும் மேட்லேபின் சிமுலிங்க் அதில் கிடையாது. எண் போடாமல் சூத்திரத்தையே சுருக்க வேண்டுமானால் மேக்ஸிமா.

எக்செல்? சின்னக் கணக்குக்குச் சரி. ஆனால் =-2^2 என்று அடித்துப் பாருங்கள், 4 என்று வரும், பைத்தானிலும் மேட்லேபிலும் -4. இந்த மாதிரி இடத்தில்தான் பிழை நுழையும், அதுவும் சூத்திரம் செல்லுக்குள் ஒளிந்திருப்பதால் யார் கண்ணிலும் படாது.

அப்புறம், வாங்குவதற்கு முன் கையால் போட்ட ஒரு கணக்கை ஓட்டிப் பாருங்கள். ஒரு முனை மட்டும் சுவரில் இறுகப் பதிந்த 3 மீட்டர் உத்திரம் (கேன்டிலீவர்), மறு நுனியில் 10 கிலோநியூட்டன் சுமை, மீள்குணகம் 200 கிகாபாஸ்கல், குறுக்குவெட்டின் நிலைமத் திருப்புத்திறன் (மொமென்ட் ஆஃப் இனர்ஷியா) 8000 செ.மீ.⁴ என்றால் நுனி 5.625 மி.மீ. தாழ வேண்டும். சென்டிமீட்டரை மீட்டராக மாற்றும் வேலையை உங்கள் தலையில் கட்டுகிறதா, தானே செய்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.