டெல்லியில ஆறு மாசம் இருக்கப் போறீங்களா? தெற்குல இருந்து ஆரம்பிங்க

ட்ரெயினிங், டெபுடேஷன், கோச்சிங்னு ஆறேழு மாசத்துக்கு டெல்லி வர்றவங்க பண்ற தப்பு ஒண்ணு இருக்கு. வந்த முதல் ரெண்டு வாரத்துலயே செங்கோட்டை, குதுப் மினார், இந்தியா கேட்னு மூச்சு வாங்க ஓடி முடிச்சிட்டு, மிச்ச லீவு நாளெல்லாம் ரூம்ல படுத்து போன நோண்டறது. நானும் அதத்தான் பண்ணேன், அதுவும் செங்கோட்டைக்கு மொத தடவ திங்கக்கிழமை போயி பூட்டின கேட்டப் பாத்துட்டு திரும்பி வந்தவன். திங்கக்கிழமை அங்க லீவு, நேஷனல் மியூசியமும் அப்படித்தான்.

டெல்லிங்கறது பக்கத்துப் பக்கத்துல கட்டின ஏழெட்டு ஊருங்க. பல சுல்தானுங்க பழைய கோட்டைய அப்படியே விட்டுட்டு கொஞ்சம் தள்ளி புதுசா கட்டிக்கிட்டே போயிருக்காங்க, பெரும்பாலும் பழசு தெற்குல, ஷாஜஹான் கட்டினது வடக்குல. அதனால கட்டின வரிசையிலயே பாருங்க, லீவுக்கு ஒரு ஊரு போதும். ரூம் தேடும்போதே மெட்ரோவுல யெல்லோ லைன் இல்லன்னா வயலட் லைன் பக்கமா பாத்துட்டீங்கன்னா முக்காவாசி இடம் கைக்கெட்டற தூரம்தான்.

மொதல்ல மெஹ்ரோலி. யெல்லோ லைன்ல குதுப் மினார் ஸ்டேஷன்ல இறங்கினதும் மினார் எதிர்லயே இருக்கும்னு நெனைக்காதீங்க, ஆட்டோ பிடிக்கணும். 73 மீட்டர் மினார எல்லாரும் அண்ணாந்து பாத்து செல்ஃபி எடுத்துட்டுப் போயிருவாங்க, நீங்க அதே காம்பவுண்டுல வடக்குப் பக்கம் போயி அலாய் மினாரப் பாருங்க. அலாவுதீன் கில்ஜி குதுப் மினார் மாதிரி ரெண்டு மடங்கு ஒசரத்துக்குன்னு ஆரம்பிச்சு, 1316ல அவர் செத்ததும் மொத அடுக்கோட நின்னு போன கல் மொட்டை. 1311ல மதுரை வரைக்கும் தளபதி மாலிக் காபூர அனுப்பின அதே ஆளுதான், பள்ளிக்கூடத்துல ரெண்டு மார்க் கேள்வியா படிச்சவர் கட்டினதுக்கு முன்னாடி நிக்கறப்ப எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு. வெளிய வந்து பக்கத்துல இருக்கற மெஹ்ரோலி ஆர்க்கியாலஜிக்கல் பார்க்குக்கு நடங்க, டிக்கெட் கெடையாது, சுல்தான் பல்பன் சமாதி, ஜமாலி கமாலி மசூதி, ராஜோன் கி பாவ்லின்னு ஒரு அழகான படிக்கிணறுன்னு அரை நாள் போறதே தெரியாது.

அடுத்து துக்ளகாபாத். 1321ல கியாசுதீன் துக்ளக் ஆரம்பிச்ச கோட்டை, நிழலே கெடையாது, குரங்குங்க ஜாஸ்தி, கையில பிஸ்கட் பாக்கெட் தெரிஞ்சா போச்சு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவரோட சமாதி, அத விட்டுறாதீங்க.

ஃபிரோஸ் ஷா கோட்லாவுக்கு மட்டும் ஒரு வியாழக்கிழமை லீவு போட்டாவது போங்க. 1354ல சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக் கட்டின கோட்டை, மேல நிக்கறது அசோகர் தூண், டோப்ராங்கற ஊர்லருந்து அவர் கொண்டு வந்து நட்டது. ஆனா வியாழக்கிழமை கூட்டம் தூணுக்காக மட்டும் வர்றதில்ல, அங்க இருக்கறதா நம்பற ஜின்னுங்களுக்கு, அதாவது கண்ணுக்குத் தெரியாத ஆவிங்களுக்கு, மனு குடுக்க வருது. வேலை, கல்யாணம், கோர்ட் கேஸுன்னு லெட்டர் எழுதி, சில பேர் அத ஜெராக்ஸ் எடுத்து ஒவ்வொரு மாடத்துலயும் வெச்சு வெளக்கேத்துவாங்க, அப்படியே நம்ம கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை மனு நாள் மாதிரி. அந்த லெட்டர போட்டோ எடுக்காதீங்க, அது அவங்க வீட்டு விஷயம். அன்னிக்கு சாயங்காலமே நிஜாமுதீன் தர்காவுக்குப் போனா கவ்வாலிங்கற சூஃபி பாட்டு கேக்கலாம், தலைக்கு ஒரு கைக்குட்டை எடுத்துக்கங்க. சூஃபி ஞானி நிஜாமுதீன், அவரோட சீடரான கவிஞர் அமீர் குஸ்ரோ ரெண்டு பேரும் 1325லதான் காலமானாங்க, ரெண்டு சமாதியும் அங்கயே பக்கத்துப் பக்கத்துல.

ஹுமாயூன் சமாதிய பாக்கறதுக்கு முன்னாடி புரானா கிலாங்கற பழைய கோட்டையில ஷேர் மண்டல்ங்கற ரெண்டு மாடிக் கட்டடத்தப் பாத்துருங்க, அந்தப் படிக்கட்டுலதான் 1556ல மனுஷன் தவறி விழுந்து செத்தாரு. அப்புறம் சமாதிக்குப் போனா கதை கோர்வையா வரும்.

பேருதான் பழைய டெல்லி, ஷாஜஹான் கட்டின ஊருங்கறதால அது கடைசி, ஆனா அதுக்கு ஒரு தடவ பத்தாது. ஞாயித்துக்கிழமை காலைல ஆறு ஏழு மணிக்கு ஒரு தடவ போங்க, கடை ஷட்டரெல்லாம் மூடியிருக்கும், அப்பதான் போர்டுக்கு மேல ஒளிஞ்சிருக்கற பழைய ஜன்னல், பால்கனியெல்லாம் கண்ணுக்குத் தெரியும். வார நாள்ல இன்னொரு தடவ, காரி பாவ்லி மசாலா மார்க்கெட்டுக்கு, மிளகாய் நெடியில தும்மிக்கிட்டே பல்லிமாரான் பக்கம் வந்தா உருதுக் கவிஞர் காலிப் இருந்த ஹவேலி, அதாவது பழைய வீடு. ஜும்மா மசூதிக்கு தொழுகை நேரம் பாத்துட்டுப் போங்க, அந்த நேரம் சுத்திப் பாக்க வர்றவங்கள விட மாட்டாங்க. ரிக்‌ஷாக்காரர், கடைக்காரர் யாரா இருந்தாலும் 'பையா'ன்னு, அதாவது அண்ணான்னு, கூப்பிட்டா பாதி வேலை முடிஞ்சுது, மீதி ஹிந்தி தானா வந்துரும்.

வெயில் விஷயம் முக்கியம். மே, ஜூன்ல வந்து எறங்கினா கோட்டையெல்லாம் தள்ளிப் போட்டுட்டு மியூசியம் பாருங்க, வெளிய போறதா இருந்தா விடியக்காலைல லோதி கார்டன் மட்டும். நவம்பர்ல புகை, ஜனவரி காலைல பனிமூட்டத்துல பத்தடி தள்ளி இருக்கறதே தெரியாது, சுத்தறதுக்கு பிப்ரவரியும் மார்ச்சும்தான் சொர்க்கம். ஆனா கினாரி பஜார் பக்கம் விக்கற தௌலத் கி சாட், பால் நுரையில பண்றது, அது குளிர்காலத்துல மட்டுந்தான் கெடைக்கும், அதனால பனியப் பாத்து ரூம்லயே போர்வைக்குள்ள இருந்துராதீங்க.