விமானத் தகடு வாங்கப் போகிறீர்களா? சட்டைப்பையில் ஒரு காந்தம் இருக்கட்டும்

பினாங்கு லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் 'போர் விமானத் தகடு' என்று யாராவது நீட்டினால், விலை பேசுவதற்கு முன் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பழைய ஸ்பீக்கரில் கழற்றியது போதும். 'டப்'பென்று ஒட்டிக்கொண்டால் அது இரும்புத் தகடு; பச்சைப் பெயின்டும் வட்டச் சின்னமும் பிறகு வந்தவை.

இரண்டாம் உலகப்போர் காலத்திலிருந்தே பெரும்பாலான போர் விமானங்களின் மேல்தகடு டியூராலுமின்தான். அலுமினியத்தோடு கொஞ்சம் செம்பு கலந்தது, காந்தம் ஒட்டாது. எடையும் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு, ஒற்றைக் கையில் தூக்கினாலே புரிந்துவிடும். தகட்டோடு விடாமல், தகடுகளை இணைக்கும் ஆணிகளான ரிவெட் வரிசையிலும் வைத்துப் பாருங்கள். மேல்தகட்டு ரிவெட்டும் பெரும்பாலும் அலுமினியம்தான். பெயின்ட் தடிப்பாக இருந்தால் ஓரத்தில், சுரண்டிய இடத்தில் வையுங்கள்.

இது மேல்தகட்டுக்கு மட்டும். சக்கரத் தண்டு, இன்ஜின் பாகங்கள் அசலிலேயே எஃகு, ஒட்டத்தான் செய்யும். மொஸ்கிட்டோ விமானத்தின் உடலோ மரம். விமானத் திசைகாட்டி கிடைத்தால் காந்தத்தைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், கெட்டுவிடும்.

ஒட்டவில்லை என்பதற்காகக் கேட்ட விலையைக் கொடுத்துவிடவும் வேண்டாம். பழைய லாரிப் பெட்டியின் அலுமினியத் தகட்டிலும் காந்தம் ஒட்டாது. உள்பக்கம் திருப்பி, பாக எண் அச்சு இருக்கிறதா என்று பாருங்கள்.