அணைகளை வட்டத்துக்குள் அடைக்காதீர்கள்: வரைபடத் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் எழுதும் திட்ட அறிக்கைகளைப் படித்துத் திருத்திக் கொடுப்பது சில ஆண்டுகளாக என் வேலைகளுள் ஒன்று. அண்மையில் வந்த அறிக்கைக் கட்டு ஒன்றில், மாவட்ட அணைகளின் நீர்மட்டத்தை வட்ட விளக்கப்படமாக வரைந்த தாள் ஒன்று இருந்தது. அதே அணைகளை வைத்து அதே தவறை ஒருகாலத்தில் நானும் செய்திருப்பதால், அதை அடிக்க எடுத்த சிவப்புப் பேனாவைச் சற்று நேரம் மூடி வைத்தேன். படத்துக்குத் தலைப்பு இடாமல் விடுவது, அலகை மறப்பது போன்ற பிழைகளை எந்த ஆசிரியரும் சுட்டிக்காட்டிவிடுவார். அவற்றை நான் இங்கே தொடப்போவதில்லை.

கூட்டக் கூடாத எண்களுக்கு வட்டப்படம்

பேச்சிப்பாறை இத்தனை அடி, பெருஞ்சாணி இத்தனை அடி, சிற்றாறு ஒன்றும் இரண்டும் இத்தனை அடி என்று நாளிதழில் வரும் குறிப்பைக் குமரி மாவட்ட விவசாயிகள் தவறாமல் பார்ப்பார்கள். நிரம்பிய நிலையில் பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, சிற்றாறு அணைகள் தலா 18 அடி. கன்னிப்பூ எனும் முதல் போக நெல் சாகுபடிக்கு முன்பு நடந்த பாசன விவசாயிகள் கூட்டம் ஒன்றுக்கு ஸ்லைடு தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தபோது, இந்த நான்கு எண்களையும் எக்செல்லில் இட்டு, கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வட்டப்படத்தைத் தேர்ந்தெடுத்தேன். மொத்தம் 161 என்று மென்பொருள் தானாகவே கூட்டிக்கொண்டு, பெருஞ்சாணிக்கு 48 விழுக்காட்டையும் பேச்சிப்பாறைக்கு 30 விழுக்காட்டையும் பிரித்துக் கொடுத்தது. அந்தத் தாளை நகலெடுத்து எல்லோர் கையிலும் கொடுக்கவும் செய்தேன்.

கால்வாயின் கடைசியில் உள்ள கடைவரம்புப் பகுதியிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பம் பாதித் தண்ணி பெருஞ்சாணியிலதான் கெடக்கா மக்களே? பேச்சிப்பாறையில அதவிடக் கொறச்சலா?" என்று கேட்டார். உண்மை இதற்கு நேர்மாறானது. பேச்சிப்பாறையின் கொள்ளளவு 4,350 மில்லியன் கன அடி. பெருஞ்சாணிக்கு 2,890 மட்டுமே. நீர்மட்டத்தின் அடிக்கணக்கு அந்தந்த அணையில் தண்ணீர் நிற்கும் உயரத்தைச் சொல்லுமே தவிர, அங்கே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைச் சொல்லாது. ஓர் அணையின் அடியோடு இன்னோர் அணையின் அடியைக் கூட்டினால் கிடைக்கும் 161 அடி என்பது உலகில் எங்கும் இல்லாத ஒரு பொருள். பதில் சொல்ல முடியாமல் நான் நின்றதும், பெருஞ்சாணியிலிருந்து கூடுதலாகத் திறக்க வேண்டும் என்று ஒரு தரப்பும், அது நடக்காது என்று மறுதரப்பும் விவாதிக்கத் தொடங்கி, அரை மணி நேரம் அதிலேயே போயிற்று. அடுத்த ஆண்டு நான் தாள்களோடு போனபோது, "இந்தத் தடவையும் வட்டம்தானா?" என்று அதே பெரியவர் வாசலிலேயே கேட்டுவிட்டார்.

இந்தத் தவறு இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. நான்கு அணைகளின் நீர்மட்டமும் சரிபாதியாக இறங்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வட்டப்படத்தில் ஒரு கோடுகூட நகராது, ஏனெனில் விகிதம் மாறவில்லை. மடையில் தண்ணீர் வராமல் நாற்றங்கால் காய்ந்துகொண்டிருக்கும்போதும் தாளில் உள்ள வட்டம் முழுநிலவாகவே இருக்கும். விவசாயிக்குத் தெரிய வேண்டிய ஒரே செய்தியை மறைத்துவிடும் படம் அது.

பை சார்ட் என்று நாம் சொல்லும் இந்தப் படத்தை 1801இல் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் வரைந்தபோது, துருக்கியப் பேரரசின் நிலப்பரப்பு ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா ஆகிய மூன்றிலும் எவ்வாறு பிரிந்து கிடந்தது என்பதையே காட்டினார். ஒரு முழுமையும் அதன் துண்டுகளும் அங்கே இருந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் மாவட்ட மக்களுள் ஏறத்தாழ 82 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தினர், எஞ்சியவர்கள் கிராமப்புறத்தினர். இதற்கு வட்டப்படம் பொருந்தும். துண்டுகள் ஐந்து, ஆறு என்று பெருகும்போது, கோணங்களைவிட ஒரே அடிக்கோட்டிலிருந்து எழும் பட்டைகளின் நீளத்தைக் கண் துல்லியமாக ஒப்பிடுகிறது என்பதை நினைவில் வைத்துப் பட்டைப்படத்துக்கு மாறிவிடுவதே நல்லது.

அணைகளுக்கு இப்போது நான் வரைவது, ஒவ்வோர் அணைக்கும் தனித்தனியான ஒரு சிறிய கோட்டுப்படம்: கிடைமட்டத்தில் நாள், செங்குத்தில் அடி, மேலே முழுமட்டத்தைக் குறிக்கும் புள்ளிக்கோடு. இருப்பை ஒப்பிட வேண்டுமானால் கொள்ளளவின் விழுக்காட்டைப் பட்டையாக வரைகிறேன். அந்த விழுக்காட்டை அடிக்கணக்கிலிருந்து நேரடியாக வகுத்து எடுக்கக் கூடாது. பள்ளத்தாக்கு மேலே போகப் போக அகன்றுகொண்டே செல்வதால், மேல்மட்டத்து ஓரடி கீழ்மட்டத்து ஓரடியைவிட அதிகத் தண்ணீரைக் கொள்ளும். 24 அடியில் நிற்கும் பேச்சிப்பாறை பாதி நிரம்பிய அணை அன்று, அதனினும் குறைவு.

வட்டங்களை (தாலுகாக்களை) கோடு போட்டு இணைப்பது

அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று வரிசையாகப் புள்ளி வைத்து இணைத்தால், தோவாளைக்கும் கல்குளத்துக்கும் நடுவே உள்ள சரிவுக்கு என்ன பொருள்? வட்டங்களின் வரிசையை மாற்றினால் ஏற்றம் இறக்கமாகிவிடும். காலம் போலத் தொடர்ந்து செல்லும் அளவுகளுக்கே கோடு உரியது.

சுழியத்தில் தொடங்காத பட்டை

2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, மாநிலத்தினுடையது 80.09. அச்சை 78இல் தொடங்கி வரைந்த மாணவர் ஒருவரின் படத்தில் நம் பட்டை மாநிலப் பட்டையைவிட ஆறு மடங்குக்கும் மேல் உயர்ந்து நின்றது. ஊர்ப்பெருமை எனக்கும் உண்டு, ஆனால் இந்த அளவுக்கு இல்லை. கோட்டுப்படத்தில் அச்சு சுழியத்தில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. பட்டையில் நீளமே மதிப்பு என்பதால் அங்கே அது கட்டாயம்.

முப்பரிமாணப் பட்டைகள்

வேண்டாம்.

மூன்று எண்களுக்கு ஒரு படம்

ஒரு வாக்கியம் போதும்.

இரண்டு கடல்களை ஒரே கோட்டில் சேர்ப்பது

விசைப்படகுகளின் மீன்வரத்தை மாவட்டம் முழுமைக்கும் கூட்டி மாதவாரியாக ஒரே கோடாக வரைவது வழக்கமாகிவிட்டது. கிழக்குக் கடற்கரை மீன்பிடித் தடைக்காலத்தைப் பின்பற்றும் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மேற்குக் கடற்கரைக் கணக்கில் வரும் குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காய்ப்பட்டணத்திலும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. இரண்டையும் கூட்டிய கோடு ஏப்ரல் முதல் ஜூலை வரை இலேசாகத் தாழ்ந்து கிடக்கும். இரு பக்கமும் சேர்ந்து ஓய்ந்திருக்கும் ஜூன் மாதத்து முதல் 14 நாள்கள், மாதக்கணக்குக்குள் மறைந்துபோகும். வாரவாரியாக இரண்டு கோடுகளை வரைந்து, தடை நாள்களுக்குப் பின்னணியில் வெளிர்சாம்பல் பட்டை இட்டுக் கொண்டுவரும்படி சொல்லி, இப்படி ஒரே கோடாக வரைந்திருந்த மாணவி ஒருவரிடம் தாளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.