காந்தம் ஒட்டாத எவர்சில்வர்தான் நல்லதா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்

பாம்பன், மண்டபம் பக்கம் படகுக்கு போல்ட் வாங்கும்போது காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் அசல் என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. அந்த அக்கறை நியாயமானது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் போட்டதும் இந்த உப்புக்காற்றுக்காகத்தான். ஆனால் துருவைப் பற்றிக் காந்தத்திடம் கேட்டால் அது பாதி பதில்தான் சொல்லும். அந்தப் பாதி என்ன என்பதைச் செய்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

வேண்டியவை: சிறிய, வலுவான காந்தம் ஒன்று, ஒரு முழம் நூல், இரும்பு ஆணி, எவர்சில்வர் டம்ளர், எவர்சில்வர் கத்தி, இண்டக்ஷன் அடுப்பில் வைக்கும் பாத்திரம்.

படி 1. காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். கையில் பிடித்து ஒட்டிப் பார்த்தால் பலமான இழுப்பு மட்டுமே தெரியும். நூலில் தொங்கினால் மெல்லிய இழுப்புக்கும் காந்தம் சாயும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கடற்காற்று வராத அறையில் செய்யுங்கள்.

படி 2. முதலில் ஆணியை அருகே கொண்டுபோய், முழு இழுப்பு எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கத்தி, இண்டக்ஷன் பாத்திரத்தின் அடிப்பகுதி, டம்ளரின் அடிப்பகுதி என்று வரிசையாகக் காட்டுங்கள். கத்தியும் இண்டக்ஷன் பாத்திரமும் இழுக்கும். டம்ளரின் அடி பெரும்பாலும் இழுக்காது.

இவை மூன்றிலும் இரும்புதான் அதிகம். வேறுபாடு அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தில் இருக்கிறது. ஒரு கனசதுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டு மூலைகளிலும் அணுக்கள், நடுவயிற்றில் ஓர் அணு என்பது சாதாரண இரும்பின் அடுக்கு. இதில் ஒவ்வோர் இரும்பு அணுவும் ஒரு குட்டிக் காந்தம்போல, பக்கத்து அணுவோடு ஒரே திசையில் திரும்பி நிற்கும். அதனால் காந்தம் இழுக்கிறது. 430 என்ற வகை எஃகு இப்படிப்பட்டது. கத்திக்கு ஆகும் 420 வகையின் அடுக்கும் ஏறக்குறைய இதுவே.

தூய இரும்பை 912 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் அடுக்கு மாறிவிடும்: மூலைகளில் அணுக்கள், ஆறு முகங்களின் நடுவிலும் ஒவ்வோர் அணு, வயிற்றில் ஒன்றும் இல்லை. இந்த அடுக்கில் அணுக்கள் ஒரே திசையில் அணிவகுப்பதில்லை. ஆறினால் இரும்பு பழைய அடுக்குக்குத் திரும்பும். 18 சதவீதம் குரோமியத்தோடு 8 சதவீதம் நிக்கலும் சேர்த்தால், ஆறிய பிறகும் சூட்டில் வந்த அந்த அடுக்கிலேயே நிற்கும். அதுதான் 304 வகை எவர்சில்வர். நிக்கல் தனியாக இருந்தால் காந்தத்தில் ஒட்டக்கூடிய உலோகம். அதைச் சேர்த்ததால் எஃகு ஒட்டாமல் போகிறது என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

படி 3. டம்ளரின் அடியிலிருந்து விளிம்புவரை காந்தத்தை மெல்ல நகர்த்துங்கள். அடியில் நேராகத் தொங்கிய காந்தம், சுருட்டிய விளிம்பருகே வந்ததும் லேசாகச் சாய்வதைப் பல டம்ளர்களில் பார்க்கலாம். தகட்டை அச்சில் அழுத்தி இழுத்து டம்ளராக்கும்போது, அதிகம் நசுங்கிய இடங்களில் அணு அடுக்கின் ஒரு பகுதி காந்தம் இழுக்கும் வகைக்கு மாறிவிடுகிறது. ஆகவே விளிம்பு இழுத்தால் அது கலப்படம் என்று பொருளில்லை.

படி 4. இனி துரு. எஃகைக் காப்பது குரோமியம், குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உண்டாகும். கடல் உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைக்கும். 316 வகையில் சேர்க்கும் 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் அதைத் தாங்க உதவுகிறது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 202 வகையையும் காந்தம் இழுக்காது. ஆனால் கடற்கரையில் அது 304-க்கு முன்பே துருப்பிடிக்கும். நேர்மாறாக, இரண்டு அடுக்குகளும் கலந்த 2205 என்ற டூப்ளெக்ஸ் எஃகைக் காந்தம் நன்றாகவே இழுக்கும். கடல்நீரில் அது 316-ஐவிட அதிகம் தாங்கும். காந்தத்தை மட்டும் நம்பினால் 202-ஐ வாங்கிக்கொண்டு 2205-ஐ ஒதுக்கிவிடுவோம்.

படி 5. எனவே போல்ட் வாங்கும்போது தலையில் பொறித்திருப்பதைப் படியுங்கள். 'ஏ2' என்றால் 304 வகை, 'ஏ4' என்றால் 316 வகை. வீட்டு ஜன்னலுக்கு ஏ2 போதும் என்றாலும் அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அலை தெறிக்கும் இடத்துக்கு ஏ4 கேட்டு வாங்குங்கள். பொறிப்பே இல்லாத போல்ட்டைப் படகுக்கு நான் வாங்கமாட்டேன்.

பூட்டிய பிறகு அழுக்கெடுக்க இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். அதிலிருந்து ஒட்டும் இரும்புத் துகள் முதலில் துருப்பிடித்து, எஃகின்மேல் கறையை ஏற்றிவிடும். நைலான் பிரஷ்ஷால் தேய்த்து நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்.